எகினோ இளவரசரின் வலது கை

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எங்கள் ஊர்த் தேவாலயத்தில் கண்ணாடிப் பேழைக்குள் வைத்திருக்கும் புனிதரின் முழங்கால் எலும்பின் மீது ஆணை. அந்த எலும்பு அங்கே மூன்று இருக்கிறது. மூன்றின் மீதும் ஆணை.

என் பெயர் ஃபால்டின். ரீட்பாக் சீமையின் விதவைச் சீமாட்டி குனிகுண்டே அம்மாளிடம் பணியாளாக இருந்தேன். அவருடைய கதவைத் திறப்பதும், திறந்த கதவுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்ப்பதும் என் வேலை. இரண்டாவது வேலைதான் அதிகம். சீமாட்டி அம்மாளைப் போலச் சந்தேகப்படுகிறவரை நான் பார்த்ததில்லை. சூப் வந்தால் முதலில் சமையற்காரன் குடிக்க வேண்டும். அடுத்து நாய் குடிக்க வேண்டும். குடித்துவிட்டு நாய் வாலை ஆட்டினால், எதற்காக ஆட்டுகிறது என்று யோசிப்பார். அதற்குள் சூப் ஆறிவிடும். சூப்பை ஆற வைத்தது யார் என்று விசாரணை நடக்கும். இப்படியே அவர் நன்றாக இளைத்துப் போயிருந்தார். நாய் நன்றாகக் கொழுத்திருந்தது.

அவருக்கு ஒரே மகள், ரோஸ்வீதா. அவளை வால்ஸென்ஃபெல்ட் நாட்டு இளவரசர் எகினோவுக்குக் கொடுப்பதென்று பேசி முடித்திருந்தார்கள். வால்ஸென்ஃபெல்ட் பெரிய நாடு என்று சொல்ல முடியாது. இளவரசர் தும்மினால் பக்கத்து நாட்டுக்காரர்கள் ‘ஆண்டவர் காப்பாற்றட்டும்’ என்பார்கள். படை மொத்தமும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடும். அணிவகுப்பு நடந்தால், முன்வரிசையில் போனவர்கள் அரண்மனையின் பின்பக்கமாக ஓடிவந்து பின்வரிசையாகவும் நடப்பார்கள். ஆனாலும் நாடு நாடுதான். அதன் நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு முன்னால் பெரிய பெரிய சக்கரவர்த்திகளும் தொப்பியைக் கொஞ்சம் தூக்கியாக வேண்டும்.

எகினோவின் அப்பா காலமாகிவிட்டார். சித்தப்பா ஹார்ட்விக் பிரபுதான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். எகினோவுக்குப் பட்டத்துக்குரிய பிள்ளை பிறக்காமல் போனால் நாடு ஹார்ட்விக்கின் மகனுக்குப் போகும். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்ததிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அவர்களுக்கு வேண்டியது எங்கள் உப்பு ஊற்று. அதுதான் சீதனம். எங்களுக்கு வேண்டியது அந்த நாற்காலி. இதில் வில்லங்கம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணின் முன்னோர் பதினாறு பேருடைய குலச் சின்னங்களையும் கேடயங்களில் தீட்டி மண்டபத்தில் மாட்ட வேண்டும். பதினாறும் உயர்குலமாக இருக்க வேண்டும். எங்கள் பதினைந்தாவது கேடயத்தில் ஒரு சக்கரம் இருந்தது. ஒரு புனிதையைக் கட்டிவைத்துக் கொன்ற சக்கரம் அது, அவள் எங்கள் குலக் காவல் என்று நாங்கள் சொன்னோம். யாரோ ஒரு மாவு ஆலைக்காரன் மகள் உள்ளே நுழைந்திருக்கிறாள், அது ஆலைச் சக்கரம் என்று அவர்கள் சொன்னார்கள். நான் கிட்டே போய்ப் பார்த்தேன். சக்கரத்தில் மாவு ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது கல்யாணத்துக்கு முந்தின நாளுக்கு வருகிறேன். நவம்பர் கடைசி. நாங்கள் வண்டியிலிருந்து இறங்கும்போதே ஹார்ட்விக் பிரபு வாசலில் நின்றார். நல்ல உயரம், நல்ல பல்வரிசை. பல் முழுவதையும் காட்டினார்.

“வாங்க சம்பந்தியம்மா, வாங்க. ஒரு சின்னச் சங்கடம். மாப்பிள்ளை குதிரையிலேருந்து விழுந்துட்டான். வலது கை முறிஞ்சுபோச்சு. மத்தபடி சௌக்கியம்.”

“வலது கையா?” என்றார் சீமாட்டி அம்மாள்.

“வலது கைதான்.”

“இடது கை எப்படி இருக்கு?”

“அது ஜோரா இருக்கு. ஆண்டவன் புண்ணியம்.”

“அதானே பாத்தேன்,” என்றார் அம்மாள். அதற்கப்புறம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தும் வரை அவர் வாயைத் திறக்கவில்லை.

நான் கதவுக்குப் பின்னால் பார்த்தேன். அலமாரிக்குள் பார்த்தேன். கணப்பு அடுப்பின் புகைபோக்கிக்குள்ளும் தலையை விட்டுப் பார்த்தேன். யாரும் இல்லை. அப்புறம்தான் அம்மாள் பேசினார்.

“புரிஞ்சுதாடி உனக்கு? நாளைக்குப் பலிபீடத்துக்கு முன்னாடி அவன் இடது கையை நீட்டுவான். நீ பிடிச்சுக்குவே. அவ்வளவுதான். இடக்கைக் கல்யாணம் ஆயிடுச்சுன்னு ஊரெல்லாம் சாட்சி சொல்லும். ஆலைக்காரன் மகளையும் ஆட்டக்காரியையும் கட்டிக்கறதுக்கு இவங்க வச்சிருக்கற வழி அது. பொண்டாட்டிதான், ஆனா பட்டம் கிடையாது. பிள்ளைதான், ஆனா நாடு கிடையாது. சாப்பாட்டு மேஜையில உனக்குக் கடைசி நாற்காலி. உன் பிள்ளைக்கு அதுவும் இல்ல.”

“அம்மா, நிஜமாவே முறிஞ்சிருந்தா அவர் என்ன பண்ணுவார்?”

“நிஜமா முறியறவனுக்குக் கால் முறிஞ்சிருக்கும். கல்யாணத்துக்கு முந்தி கரெக்டா வலது கை முறியுதுன்னா அது கையோட புத்தி இல்ல. அந்தச் சித்தப்பனோட புத்தி.”

“அப்ப கல்யாணத்தைத் தள்ளிப்போடச் சொல்லுங்க.”

அம்மாள் என்னை அனுப்பிக் கேட்கச் சொன்னார். ஹார்ட்விக் பிரபு மிகவும் வருத்தப்பட்டார். “தள்ளிப்போடலாமே. ஆனா ஞாயித்துக்கிழமை திருவருகைக் காலம் தொடங்குது. அப்புறம் கிறிஸ்துமஸ் எல்லாம் முடியறவரைக்கும் கோயில்ல யாருக்கும் கல்யாணம் கிடையாது. அதுக்குள்ள யார் மனசு எப்படி மாறுமோ, யார் கண்டா? பதினாறு கேடயமும் சுத்தமா இருக்கற பொண்ணு ஒண்ணு வடக்க இருக்குன்னு சொல்றாங்க. நான் காதுலயே போட்டுக்கல. உங்க சீமாட்டியம்மாகிட்ட சொல்லு, ஆண்டவன் பாக்கறது மனசை, கையை இல்ல.”

நான் அப்படியே வந்து சொன்னேன். “ஆண்டவனை எப்ப இழுக்கறாங்களோ, அப்ப பெட்டியைப் பூட்டிடணும்,” என்று சொல்லிவிட்டு அம்மாள் தன் பெட்டியைப் பூட்டினார். அப்புறம் என்னைக் கூட்டிக்கொண்டு லாயத்துக்குப் போனார். குதிரையைப் பார்க்க வேண்டுமாம்.

ஹார்ட்விக் பிரபு அங்கே எங்களுக்கு முன்னாலேயே இருந்தார். இதிலிருந்துதான் மாப்பிள்ளை விழுந்தான் என்று ஒரு வெள்ளைக் குதிரையைக் காட்டினார். அது சுவரில் சாய்ந்து படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. சுவரில் அது சாய்கிற இடம் குழிந்து போயிருந்தது.

“சம்பந்தி, இதுலேருந்து ஒருத்தன் விழணும்னா முதல்ல இது எழுந்து நிக்கணுமே.”

“நல்ல நாள்ல காத்தாப் பறக்கும்மா.”

“எந்த ராஜா காலத்து நல்ல நாள்?”

குதிரை ஒரு கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தது. மூடிக்கொண்டது. அதற்கு இந்த விஷயத்தில் சம்பந்தம் இல்லை என்பது அதன் முகத்திலேயே தெரிந்தது.

மத்தியானச் சாப்பாட்டில்தான் நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். ஒல்லியான பையன். வலது கையைப் பலகை வைத்துக் கட்டிக் கழுத்திலிருந்து தொங்கவிட்டிருந்தார்கள். ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னால் சித்தப்பா முகத்தைப் பார்த்துக்கொண்டான். ‘உப்பை நகர்த்துங்கள்’ என்று சொல்வதற்குக்கூடப் பார்த்தான்.  அம்மாள் திடீரென்று ஒரு மாவுருண்டையை எடுத்து அவனுடைய வலது பக்கமாக வீசினார். யாராக இருந்தாலும் யோசிக்காமல் வலது கைதானே போகும்? எகினோ தலையைத் திருப்பி உருண்டையை வாயால் பிடித்தான். மென்றான், விழுங்கினான், “நன்றி அத்தை,” என்றான்.

“பாத்தியா ஃபால்டின்?” என்று அம்மாள் என் காதில் சொன்னார். “பழக்கி வச்சிருக்காங்க.”

அப்புறம் கொதிக்கிற சூப்புடன் நான் அவன் வலது பக்கத்தில் தடுக்கி விழ வேண்டும் என்று ஏற்பாடு. விழுந்தேன். எகினோ நாற்காலியோடு எழும்பித் தாண்டிக் குதித்தான். கை அசையவில்லை. இன்னொன்றும் கவனித்தேன். எங்கள் அம்மாள் தன் சூப்பை மேஜைக்கு அடியில், கூடவே வந்திருந்த எங்கள் நாய்க்குக் கொடுத்தார். அந்தப் பக்கத்திலிருந்து எகினோவும் தன் சூப்பை அதே நாய்க்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். எங்கள் அம்மாள் தன் புருஷனுக்கு விஷம் வைத்தவர் என்று சித்தப்பா அவனிடம் சொல்லியிருந்தாராம். அன்றைக்குச் சந்தேகமில்லாமல் சாப்பிட்டது அந்த நாய் மட்டும்தான்.

ரோஸ்வீதா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். சாப்பாடு முடிந்ததும் நேரே எகினோவிடம் போய், தோட்டத்தைச் சுற்றிக் காட்டச் சொன்னாள். முறைப்படி நான் பின்னால் நடந்தேன். காது கேட்கும் தூரத்தில் நடப்பதுதான் முறை.

“எந்தக் குதிரைலேருந்து விழுந்தீங்க?” என்றாள்.

“பழுப்புக் குதிரை.”

“எங்கம்மா பாத்தது வெள்ளை.”

“வயசாயிடுச்சு. வெளுத்திருக்கும்.”

“நேத்திலேருந்தா?”

எகினோ சுற்றுமுற்றும் பார்த்தான். சித்தப்பா முகம் எங்கும் இல்லை. அது இல்லாமல் பேசுவது எப்படி என்று அவனுக்கு உடனே பிடிபடவில்லை.

“குதிரை இல்ல,” என்றான் கடைசியில். “பேரிக்கா மரம். அதோ தெரியுதே, அது. வேர் எங்க நாட்டுல இருக்கு. கிளையெல்லாம் பக்கத்து நாட்டை ஆளற மடாதிபதியோட எல்லைக்குள்ள. உச்சியில நாலைஞ்சு பேரிக்கா மிச்சம் இருந்துது. ஏறினேன். கிளை முறிஞ்சு அந்தப் பக்கம் விழுந்துட்டேன்.”

“அதுக்கு ஏன் குதிரைன்னு சொல்றீங்க?”

“நான் ஒரு நாட்டை ஆளறவன். பக்கத்து நாட்டுக்குள்ள அனுமதி இல்லாம, அவங்க பழத்தைக் கையில வச்சுக்கிட்டு, ஆகாசத்துலேருந்து விழுந்தா அது படையெடுப்பு. நஷ்டஈடா எங்க காட்டைக் கேப்பார் அந்த மடாதிபதி. அவர் இருபது வருஷமா ஒரு காரணத்துக்குக் காத்துக்கிட்டிருக்கார்.”

“அப்ப கை முறிஞ்சது நிஜம்.”

“தொட்டுப் பாக்கறேன்னு மட்டும் சொல்லாதீங்க.”

ரோஸ்வீதா தொடவில்லை. கொஞ்ச தூரம் நடந்துவிட்டுக் கேட்டாள். “நாளைக்கு எந்தக் கையை நீட்டப் போறீங்க?”

“சித்தப்பா இடது கையை நீட்டுன்னார். வலிக்காதுல்ல.”

“அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியுமா?”

அவன் சருகுகளைக் காலால் தள்ளினான். “தெரியும்,” என்றான். “ உங்களுக்கு வேண்டியது அந்த நாற்காலிதான், நான் இல்லன்னு சித்தப்பா சொன்னார்.”

“உங்களுக்கு வேண்டியது உப்புதான், நான் இல்லன்னு எங்கம்மா சொன்னாங்க.”

“எனக்கு உப்பு அவ்வளவா பிடிக்காது.”

“எனக்கும் உங்க நாற்காலியைப் பாத்தா முதுகு வலிக்குது. ஆனா ஒண்ணு சொல்றேன். எனக்குப் பிறக்கறது உங்க வீட்டு வாசல்லயே நின்னு, உள்ள வரலாமான்னு கேட்டுக்கிட்டு நிக்கக் கூடாது. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

எகினோ ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அப்போது புதர் வேலிக்குப் பின்னால் ஒருவர் இருமினார். ஹார்ட்விக் பிரபு பூப் பறித்துக்கொண்டிருந்தார். நவம்பர் கடைசி என்று முன்பே சொன்னேன். தோட்டத்தில் ஒரு பூவும் இல்லை. “என்ன குளிர், என்ன குளிர்! உள்ள வாப்பா, கைக்கு ஆகாது,” என்று ரோஸ்வீதாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே எகினோவைத் தோளில் தள்ளி அழைத்துப் போனார். எகினோ சொல்ல வந்தது என்னவென்று எங்களுக்குத் தெரியாமலே போயிற்று.

நடந்ததை ரோஸ்வீதா அம்மாவிடம் சொன்னாள். பேரிக்காய் மரம் என்றதும் அம்மாள் கையைத் தட்டினார். “இதுவும் பொய். குதிரைப் பொய் கிழிஞ்சுடும்னு தெரிஞ்சு அடியில இன்னொரு பொய்யை விரிச்சு வச்சிருக்காங்க. பேரிக்கா சாப்பிடறவன் மூஞ்சியா அது?”

“அம்மா, கை முறிஞ்சது நிஜம்தான். அவர் எந்தக் கையைக் கொடுப்பார்ங்கறதுதான் எனக்குத் தெரியல.”

“ரெண்டும் ஒண்ணுதான்டி.”

“ஒண்ணு இல்லம்மா,” என்றாள் மகள். 

மறுநாள் காலை அரண்மனைத் தேவாலயம். ஹார்ட்விக் பிரபு சாட்சிகளையெல்லாம் இடது பக்கமாகவே நிறுத்தியிருந்தார், கை நன்றாகத் தெரிய வேண்டும் என்று. வலது பக்கத்தில் ஒரு தூண் மட்டும் இருந்தது. மணப்பெண்ணின் நீண்ட அங்கியைத் தாங்கிக்கொண்டு நான் அந்தத் தூணை ஒட்டி நின்றேன். பாதிரியார் ஸிப்ரியான், சாமான் திருட்டுப்போகுமோ என்று பயப்படுகிற கடைக்காரர் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்து ஜெபம் சொன்னார். அவருக்கும் ஏதோ வாடை தட்டியிருக்க வேண்டும்.

“கைகளைச் சேருங்கள்,” என்றார்.

எகினோவின் இடது கை கொஞ்சம் எழுந்தது. ரோஸ்வீதா அதைப் பார்க்கவே இல்லை. தன் வலது கையை விரித்து, தொங்கும் கட்டுக்குக் கீழே நீட்டி வைத்துக்கொண்டு நின்றாள். தொடவில்லை, இழுக்கவில்லை. நீட்டி வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

“பொண்ணே, அந்தப் பக்கம் ஒரு கை காலியா இருக்கு பாரு. அதைப் பிடி,” என்றார் ஹார்ட்விக் மெதுவாக.

“நான் காத்திருக்கேன் மாமா.”

“எதுக்கு?”

“அவருக்கு.”

பின்னாலிருந்து எங்கள் அம்மாளின் குரல் வந்தது. “நடிப்பு! அவுத்துப் பாருங்க, உள்ள கை புதுசா இருக்கும்!”

எகினோ சித்தப்பாவைப் பார்த்தான். சித்தப்பா இடது பக்கமாகக் கண்ணைக் காட்டினார். எகினோ ரோஸ்வீதாவின் உள்ளங்கையைப் பார்த்தான். அப்புறம் அவன் சித்தப்பா பக்கம் திரும்பவில்லை. இடது கையால் கழுத்துக் கட்டை அவிழ்க்கப் பார்த்தான். முடிச்சு இளகவில்லை. பல்லால் கடித்து இழுத்தான். பலகைகள் ஒவ்வொன்றாகக் கல்தரையில் விழுந்தன. உள்ளேயிருந்த கையைப் பார்த்ததும் முன்வரிசைப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிளம் பழ நிறம். முழங்கைக்குக் கீழே அது போக வேண்டிய திசையில் போகவில்லை. எங்கள் அம்மாள் மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். சாயமாக இருக்குமோ என்று.

எகினோ இடது கையால் வலது கையைத் தூக்கினான். தூக்கி, அவள் கையில் வைத்தான். அவள் விரல்களை மூடினாள்.

அப்போது அவன் போட்ட அலறலில் சன்னல்களில் தீட்டியிருந்த அப்போஸ்தலர்களில் இரண்டு பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள். இப்போது போனாலும் பார்க்கலாம், இன்னும் கையை எடுக்கவில்லை. வெளியே நின்ற படை, போர் வந்துவிட்டதென்று நினைத்துத் துப்பாக்கியைக் கீழே போட்டுச் சரணடைந்தது. சரணடைவதற்கு எதிரே ஆள் இல்லாததால் ஒருவரிடம் ஒருவர் சரணடைந்தார்கள்.

அலறி முடித்துவிட்டு, “சம்மதம்,” என்று தெளிவாகச் சொன்னான் எகினோ. சொல்லிவிட்டு மயங்கினான். விழவில்லை. அவள் பிடித்திருந்தாள். அவனுடைய தலை அவள் தோளில் சாய்ந்து கிடக்க, பாதிரியார் மிச்ச ஜெபத்தை மூச்சு விடாமல் ஓட்டினார்.

“நிறுத்துங்க!” என்றார் ஹார்ட்விக். பல்வரிசையை முதல் தடவையாக உள்ளே வைத்துக்கொண்டு பேசினார். “வலது கையைத் தூக்கினது எது? இடது கை. அப்ப கொடுத்தது இடது கைதான். எல்லாரும் பாத்தாங்க. இது இடக்கைக் கல்யாணம்!”

பாதிரியார் ஸிப்ரியான் புத்தகத்தை மூடினார். “பிரபு, நான் சேர்த்து வைக்கறவன். சேர்த்தாச்சு. அது தப்பான கைன்னா, நீங்களே போய்ப் பிரிச்சு விடுங்க.”

ஹார்ட்விக் பிரபு இரண்டு அடி வைத்தார்.  ரோஸ்வீதா கையைக் கொஞ்சம்கூடத் தளர்த்தவில்லை. மயக்கத்திலிருந்த எகினோவின் விரல்கள், வீங்கிக் கறுத்த அந்த ஐந்து விரல்களும், அவள் கையைப் பற்றியிருந்தன. இத்தனை சாட்சிகள் பார்க்க, மயங்கிக் கிடக்கிற ஒருவனின் முறிந்த கையை எப்படிப் பிரிப்பது? பிரபு நின்றார். தூணைப் பார்த்தார். தூசியைத் தட்டுவதுபோல அதைத் தட்டிவிட்டு வெளியே போனார்.

எங்கள் அம்மாள் மகளிடம் வந்து, “இவ்வளவு சுலபமா விட்டுட்டுப் போறான்னா, இதுல வேற ஏதோ இருக்கு,” என்றார்.

கை கோணலாகவே கூடியது. அதற்கப்புறம் எகினோ இளவரசர் கை குலுக்க வேண்டுமென்றால் எதிராளி அவர் முதுகுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். தூதர்கள் எல்லோரும் பழகிக்கொண்டார்கள். ரோஸ்வீதாவின் மூத்த மகன் நடக்கத் தொடங்கிய அன்றே, யாரையும் கேட்காமல் நேரே போய் அந்த நாற்காலியில் ஏறித் தூங்கிவிட்டான். அடுத்தடுத்து ஏழு பிள்ளைகள். ஒவ்வொன்று பிறந்தபோதும் எங்கள் அம்மாள் வந்து, தொட்டிலில் இருப்பது பிள்ளைதானா என்று மெழுகுவர்த்தியைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனார். அவர்களையெல்லாம் எட்டுத் திசையிலும் கட்டிக்கொடுத்தார்கள். இன்றைக்கு எங்கள் பக்கத்தில் கிரீடம் வைத்த தலை எதைத் தட்டினாலும் கொஞ்சம் மாவு உதிரும்.

சொல்ல மறந்துவிட்டேன்: எகினோ இளவரசர் கல்யாணம் செய்துகொள்ளாமலே காலமானவர். இதற்கும் அந்த மூன்று எலும்பின் மீதுதான் ஆணை.